மூணு கம்மி

"அண்ணே, கேப்டன் மூணு கம்மி பண்ணச் சொல்றார்."

வந்த சேதி அவ்வளவுதான். கூடவே இரண்டு ராக்கெட். நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பை டென்னிஸ், கடைசி நாளின் மாற்று ஒற்றையர் ஆட்டம் (முதல் நாள் ஆடியவர்கள் எதிராளியை மாற்றிக்கொண்டு ஆடுவது), மூன்றாவது செட், 4-3. தம்பி மூச்சிரைக்க ஓடி வந்திருந்தான். சரி என்று வாங்கி மேசையில் வைத்தேன். எதைவிட மூன்று கம்மி என்று கேட்கவில்லை.

ராக்கெட்டுக்குக் கட், அதாவது நரம்பு, போடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். எவ்வளவு இறுக்கமாகப் போட வேண்டும் என்று அந்த ஆட்டக்காரரின் சீட்டில் இருந்தது: மெயின் என்ற நீளவாட்டு இழை 54 பவுண்ட், கிராஸ் என்ற குறுக்கு இழை 52. மெயினில் மாட்டுக் குடலில் செய்த அசல் கட், கிராஸில் பாலியெஸ்டர். ரோஜர் ஃபெடரர் நெடுங்காலம் ஆடியதும் இந்த வகைச் சேர்க்கையில்தான். ஆனால் 54 என்பது மெஷின் இழுத்த எண். ராக்கெட்டுக்குள் அந்த எண் அப்படியே நிற்காது. இழுத்த இழையைக் கவ்வி நிறுத்தும் கிளாம்ப் பிடித்து விடும்போது கொஞ்சம் போகும், முடிச்சுப் போடும் இழையில் இன்னும் கொஞ்சம் போகும். அதன் பிறகு பாலியெஸ்டர் தானாகவே தளரும், அதுவும் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். அன்று காலை எட்டு மணிக்கு மெஷினிலிருந்து இறக்கியதும், கட்டின் இறுக்கத்தை அளக்கும் டெஸ்டரில் வைத்தபோது 52 காட்டிய ராக்கெட், வெயிலில் இரண்டரை செட் அடி வாங்கி என் மேசைக்குத் திரும்பியபோது 49 காட்டியது.

கணக்கு இங்கேதான் சிக்குகிறது. சீட்டில் உள்ள எண்ணைவிட மூன்று கம்மி என்றால் மெஷினில் 51. அப்படிப் போட்டால் இறக்கியதும் டெஸ்டர் ஏறத்தாழ 49 காட்டும். அதாவது இப்போது வேண்டாம் என்று அனுப்பிய ராக்கெட் எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலை. கையில் இருப்பதைவிட மூன்று கம்மி என்றால் மெஷினில் 48 போட்டிருக்க வேண்டும்.

நான் 51 போட்டேன். கிராஸில் 49.

எண் என்றால் மெஷின் எண்தான், அதுதான் எங்கள் தொழிலின் பொதுப் பேச்சு. ராக்கெட்டின் தொண்டையில் ஒட்டும் சீட்டில் எழுதுவதும் அதைத்தான். கட் போடுகிறவன் ஆளாளுக்கு அர்த்தம் கண்டுபிடித்து ஒன்று கூட்டி ஒன்று குறைத்துப் போட ஆரம்பித்தால், எந்தச் சீட்டையும் எந்த ஆட்டக்காரரும் நம்ப முடியாது. இதை நான் இன்றும் முழுதாக நம்புகிறேன்.

ஆனால் புதன்கிழமையிலிருந்து அந்த அணியோடு இருந்தவன் நான். கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ராக்கெட்டிலிருந்து போகும் பந்தைத்தான், சீட்டை அல்ல. வெயில் ஏறினால் பந்துக்குள் காற்றழுத்தம் கூடும், பந்து பறக்கும், அதனால் எல்லோரும் கூட்டித்தான் கேட்பார்கள். உச்சி வெயிலில் ஒருவர் குறைக்கச் சொல்கிறார் என்றால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: கை சோர்ந்துவிட்டது, பந்து சர்வீஸ் கோட்டைத் தாண்டாமல் குட்டையாக விழுகிறது, கட் தளர்ந்தாலாவது ஆழம் கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். அப்படியென்றால் அவர் கேட்டது கையில் இருப்பதைவிடக் கம்மி. இது எனக்கு அப்போதே தெரிந்ததா, பிறகு தெரிந்ததா? கத்தரியை எடுத்தபோது மனத்தில் ஒரு நெருடல் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பின்னால் நடந்ததை வைத்து அந்த நெருடலை நானே உண்டாக்கிக்கொண்டேனோ என்னவோ.

டேவிஸ் கோப்பை போன்ற அணிப் போட்டிகளில் வரும் சிக்கலும் இதில் உண்டு. வழக்கமான போட்டிகளில் அந்தக் காலத்தில் ஆட்டக்காரர் மைதானத்தில் தனி ஆள், எண்ணை அவரே சொல்லி அனுப்புவார். இங்கே கேப்டன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். பக்கம் மாறும் 90 விநாடிக்குள் ஆட்டக்காரர் அவரிடம் எதையோ சொல்கிறார், அதை அவர் தனக்குப் புரிந்தபடி சுருக்கித் தம்பியிடம் சொல்கிறார், தம்பி என்னிடம் சொல்கிறான். "பந்து போக மாட்டேங்குது" என்று கிளம்பியது "மூணு கம்மி" என்று வந்து சேர்ந்திருக்கலாம்.

திருப்பிக் கேட்டிருக்கலாமே என்றால், நேரக் கணக்கைச் சொல்ல வேண்டும். அடுத்த பக்க மாற்றம் இரண்டு கேம் கழித்து, எட்டு நிமிடமாவது ஆகும். தம்பி போய், கேட்டு, திரும்பி வர இன்னும் இரண்டு நிமிடம். ஒரு ராக்கெட்டுக்குக் கட் போட அவசரத்திலும் 18 நிமிடம் வேண்டும். பழைய கட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மெயினும் கிராஸும் மாற்றி மாற்றி வெட்ட வேண்டும். ஒரு பக்கமாக வெட்டினால் பிரேம் திருகிக்கொள்ளும். பிறகு பிரேமை மெஷினில் பிடிக்கும் தாங்கி ஆறு இடத்திலும் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து இறுக்க வேண்டும். மெயின் 16 இழை. நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாகப் போக வேண்டும், ஒரு பக்கம் இரண்டு மூன்று இழைக்கு மேல் முந்தக் கூடாது. மெயின் மட்டும் ஏறிய நிலையில் பிரேம் நீளத்தில் சுருங்கி அகலத்தில் விரியப் பார்க்கும், அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது கிராஸ்தான். அதனால் பாதியில் நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. கிராஸ் 19, மேலிருந்து கீழே. ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாகக் கோத்து, இழுப்பதற்கு முன் விரலால் நேராக்க வேண்டும். அசல் கட்டின் மேல் பாலியெஸ்டரை வேகமாக உருவினால் உராய்வில் கட் அறுபட்டு நார் கிளம்பும். உருவும்போது கையை வளைத்து, ஒரே இடத்தில் தேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று முதல் ராக்கெட்டில் பதினோராவது கிராஸ் கோப்பு மாறிவிட்டது. ஒரு மெயினுக்கு மேலே போக வேண்டியது கீழே போயிருந்தது. பதின்மூன்றாவதில்தான் கண்டுபிடித்தேன். மூன்றையும் உருவித் திரும்பக் கோத்ததில் மூன்று நிமிடம் போயிற்று. நேரமே இல்லை என்று சொல்லிக்கொண்டவனுக்கு அந்த மூன்று நிமிடம் எங்கிருந்தோ கிடைத்தது.

இரண்டு ராக்கெட் வந்ததே, ஒன்றில் 51, இன்னொன்றில் 48 போட்டு இரண்டிலும் எண்ணை எழுதி அனுப்பியிருந்தால்? இந்த யோசனை வீடு திரும்பிய பிறகுதான் வந்தது, வந்ததிலிருந்து போகவில்லை. அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டு ராக்கெட் கேட்பது ஒன்றில் கட் அறுந்தால் மற்றது அப்படியே கைக்கு வர வேண்டும் என்பதற்காக. ஜோடியில் மூன்று பவுண்ட் வித்தியாசம் இருந்தால், முக்கியமான ஒரு பாயிண்டில் பந்து கோட்டுக்கு வெளியே போகும். பதில் சரிதான். ஆனாலும் அன்று அதைத்தான் செய்திருக்க வேண்டும் என்று பாதி நாள் தோன்றுகிறது.

ஐந்து செட் ஆட்டம் என்றால் கட்டுக்கு அது வேறு உலகம். 1974-ல் கொல்கத்தாவில் இந்தியா ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றபோது ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து 327 கேம் ஆடினார்கள். 6-6 ஆனதும் செட்டை முடித்துவைக்கும் டைபிரேக், டேவிஸ் கோப்பையில் ஐந்தாவது செட்டுக்கு வந்ததே 2016-ல்தான். வெயிலோ இன்னொரு பக்கம். 2010 செப்டம்பரில் சென்னையில் பிரேசிலுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கிய இந்தியா 3-2 என்று மீண்டது. அதில் தாமஸ் பெலூச்சி சோம்தேவ் தேவ்வர்மனிடம் முதல் செட்டை இழந்து, இரண்டாவதில் 0-4 என்று இருந்தபோது வெயில் தாங்காமல் விலகினார். அப்படிப்பட்ட ஆளையே சாய்க்கும் வெயிலில் கட் மட்டும் காலையில் போட்டபடி இருக்குமா? 2019-லிருந்து டேவிஸ் கோப்பையில் எல்லா ஆட்டமும் அதிகபட்சம் மூன்று செட் ஆகிவிட்டது. காலையில் போட்ட எண்ணோடு பெரும்பாலும் ஆட்டமே முடிந்துவிடுகிறது.

ராக்கெட் இரண்டும் நான்காவது செட்டில் போய்ச் சேர்ந்தன. பந்து முதலில் ஏழு கேமுக்குப் பிறகும், அதன்பின் ஒன்பது கேமுக்கு ஒருமுறையும் மாறும். அடுத்த புதுப் பந்து வந்தபோது அவர் நான் அனுப்பியதில் ஒன்றை எடுத்தார். இரண்டு கேம் ஆடினார். பிறகு பைக்குள் வைத்துவிட்டு, காலையில் போட்ட வேறொன்றை எடுத்துக்கொண்டார். ஐந்தாவது செட்டை 4-6 என்று இழந்தார். இரண்டு கேமை வைத்து எதையும் சொல்ல முடியாது, அந்த ராக்கெட்டால் தோற்றார் என்று யாரும் சொல்லவும் இல்லை.

சாயங்காலம் கேப்டன் என் அறை வாசலில் நின்றார்.

"அதுல எவ்வளவு போட்டீங்க?"

"51, 49 சார்."

"சரி."

அவ்வளவுதான். சீட்டுப்படி நீ செய்தது சரி என்றாரா? இல்லை, இனி பேசி என்ன என்று விட்டாரா? குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் என் கணக்கைச் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த போட்டிகளில் என் சீட்டில் ஒரு கட்டம் சேர்த்தேன்: "சீட்டு எண்ணை விடவா, கையில் உள்ளதை விடவா?" இரண்டு பேர் இது நல்ல யோசனை என்றார்கள். ஒருவர் முகத்தைச் சுளித்து, "நம்பர் சொன்னா நம்பரைப் போடுங்கண்ணே, எனக்கு அந்த யோசனையெல்லாம் வேண்டாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கட்டம் இன்னும் சீட்டில் இருக்கிறது. பலர் அதை நிரப்புவதில்லை, நானும் வற்புறுத்துவதில்லை.

இரண்டு கேம் ஆடிய அந்த ராக்கெட் அன்று இரவே என்னிடம் திரும்பி வந்தது. கட்டில் பந்தின் நார்கூடச் சரியாக ஒட்டியிருக்கவில்லை. டெஸ்டர் பக்கத்திலேயே இருந்தது. வைத்துப் பார்த்திருந்தால் 49-ஆ, வேறா என்று ஐந்து விநாடியில் தெரிந்திருக்கும். நான் கத்தரியை எடுத்து நடுவிலிருந்து வெட்டத் தொடங்கினேன்.