அம்மாவின் கைக்கேற்ற காபி மெஷினைத் தேடியபோது

தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் காலையும் மாலையும் நான்கு பேருக்குக் காபி வேண்டும். விரல் மூட்டுகளில் வலி தொடங்கியதிலிருந்து, டிகாக்‌ஷன் இறங்கிய சூட்டில் இறுகிப்போன பித்தளை பில்டரின் மேல் பாத்திரத்தைத் திருகி எடுப்பது அம்மாவுக்குப் பெரும் பாடாகிவிட்டது. அவர் யாரையும் எதிர்பார்க்காமல் தாமே காபி போட்டுக்கொள்ள வேண்டும், பழகிய ருசியும் போய்விடக்கூடாது, செலவும் ரூ. 3,000-ஐத் தாண்டக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு காபி மெஷின் தேட ஆரம்பித்தேன்.

சிலவற்றை ஒதுக்குவதற்கு அதிக யோசனை தேவைப்படவில்லை. வெந்நீரை அழுத்தத்தோடு பொடிக்குள் செலுத்தி எடுக்கும் எஸ்பிரெசோவுக்கு ஏறத்தாழ 9 பார் அழுத்தம் வேண்டும். மலிவு விலையில் அந்தப் பெயரோடு வருபவை பெரும்பாலும் பம்ப் இல்லாமல், நீராவியின் மூன்று நான்கு பார் அழுத்தத்தில் இயங்குபவை. அவற்றின் கைப்பிடியை இறுக்கித் திருகவும் வேண்டும். பொடி அடைத்த சிறு குப்பிகளைப் போடும் கேப்சூல் மெஷினில் ஒவ்வொரு கப்புக்கும் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். நமக்குப் பிடித்த கடையின் பொடியையும் போட முடியாது. பொடியை வெந்நீரில் ஊறவைத்து வலையால் அழுத்தி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸில் நம் ஊர்ப் பொடியின் தூள் வலையைத் தாண்டி இறங்கி, தம்ளரின் அடியில் வண்டலாகத் தங்கிவிடுகிறது.

அடுப்பில் வைத்ததும் கீழ்ப்பகுதித் தண்ணீர் பொடி வழியே மேற்பகுதிக்கு ஏறும் மோக்கா பாத்திரத்தை மட்டும் எளிதில் விட மனம் வரவில்லை. 1933-இல் இத்தாலியின் பியாலெட்டி அறிமுகப்படுத்திய இந்தப் பாத்திரம் சுமார் 1.5 பார் அழுத்தத்தில், மின்சாரம் இல்லாமலே, சில நிமிடங்களில் கெட்டியான டிகாக்‌ஷனைத் தந்துவிடும். பால் சேர்த்தால் பில்டர் காபிக்கு மிக அருகில் நிற்பது இதுதான் என்பது என் கருத்து. ஆனால் சிறிய மோக்கா நம் கேஸ் அடுப்பின் அகலமான தாங்கியில் சரியாக உட்காராது. தீ வெளியே பரவி பிளாஸ்டிக் கைப்பிடியை உருக்கிவிடும். அலுமினியத்தில் செய்தது இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் இரண்டு பகுதிகளையும் நீராவி கசியாதபடி இறுகத் திருக வேண்டும். விரலில் வலு உள்ளவர்களுக்குத் தயங்காமல் இதையே சொல்வேன்; அம்மாவுக்குச் சொல்ல முடியவில்லை.

ஆகவே மின்சார டிரிப் மெஷின்தான் மிச்சம். ரூ. 1,500 முதல் ரூ. 2,500 வரையிலான விலையில் 600 முதல் 700 வாட் வரையிலான மெஷின்கள் கடைகளில் இருந்தன. இவற்றில் பம்ப் கிடையாது. தொட்டியிலிருந்து தண்ணீர் அடியிலுள்ள ஒரு குழாய்க்குள் இறங்கி, அங்கே கொதித்து, குமிழிகளின் உந்துதலால் மேலேறிப் பொடியின் மீது சொட்டுகிறது. அதே சூடுதான் கண்ணாடிக் குடுவைக்குக் கீழுள்ள தட்டையும் சூடாக்குகிறது. இதை வைத்திருக்கும் உறவினர்கள் எல்லாரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: டிகாக்‌ஷன் தண்ணீராக இருக்கிறது, பால் ஊற்றினால் காபி நிறமே வருவதில்லை.

சித்தி வீட்டு மெஷினோடு வந்த கையேட்டைப் படித்தபோதுதான் காரணம் விளங்கியது. அதில் சொல்லியிருந்த பொடி அளவு, பால் கலக்காமல் குடிப்பவர்களுக்கானது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 முதல் 60 கிராம் பொடி என்பது உலகெங்கும் அப்படிப்பட்ட காபிக்குச் சொல்லப்படும் கணக்கு. நாமோ டிகாக்‌ஷனோடு அதைவிட அதிகமாகப் பால் சேர்ப்பவர்கள். நமக்கு அதன் இரண்டு மடங்காவது வேண்டும். சித்தி வீட்டிலேயே 400 மில்லி தண்ணீருக்கு 50 கிராம் பொடி போட்டுப் பார்த்தோம். பொடி ஏறத்தாழ தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டதால் சுமார் 300 மில்லி இறங்கியது. நான்கு தம்ளருக்கு அது தாராளம். நிறமும் மணமும் குறைவில்லை. சித்தப்பா இன்னும் அரைத் தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதன் பிறகு, அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கப் எண்ணிக்கையை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பார்க்க வேண்டியது பொடி போடும் கூடையைத்தான். வீட்டில் எடை போட்ட 50 கிராம் பொடியைக் கவரில் கட்டி எடுத்துச் சென்று, கடையில் அதைக் கூடைக்குள் வைத்துப் பார்த்தேன். கூடையில் பாதிக்கு மேல் நிரம்பினால் அந்த மெஷின் வேண்டாம்; ஏனென்றால் பொடி நனைந்ததும் உப்பும், வெந்நீர் தேங்க இடமில்லாவிட்டால் தூளோடு விளிம்பைத் தாண்டிக் குடுவைக்குள் வழிந்துவிடும்.

கடைசிச் சுற்றில் அம்மாவையும் கடைக்கு அழைத்துச் சென்றேன். கடைக்காரர் பொறுமையாக இரண்டு மெஷின்களைப் பிரித்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் கூடை பக்கவாட்டுக் கதவோடு சேர்ந்து திறந்தது. அதை நகத்தால் நெம்பி இழுக்க வேண்டியிருந்தது. “இது எனக்குச் சரிப்படாதுப்பா, மேலே தூக்கி எடுக்குற மாதிரி இருந்தா தேவலை” என்றார் அம்மா. மற்றொன்றில் மூடியை நிமிர்த்தி, வளையம் போன்ற பிடியைப் பிடித்துக் கூடையைத் தூக்கினால் போதும். வலி அதிகமுள்ள வலது கையாலேயே தூக்கிக் காட்டினார். நைலான் வலை கழற்றிக் கழுவும்படி இருக்கிறதா, உடைந்தால் கண்ணாடிக் குடுவை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு அதையே வாங்கினோம். விலை ரூ. 2,200. மாற்றுக் குடுவை கிடைக்காத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். முதலில் உடைவது அதுதான்.

பொடியிலும் மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. காபி–சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பதும், விகிதத்தைப் பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும் என்பதும் நம் நாட்டு விதி. நாங்கள் வாங்கிவந்த 60-க்கு 40 கலவை பில்டருக்குப் பொருந்தியது. மெஷினில் சிக்கரி தண்ணீரை இழுத்துக் குழைந்து வலையை அடைத்தது. 80-க்கு 20 ஆக்கி, பில்டருக்கு அரைப்பதைவிடச் சற்றுக் கரகரப்பாக அரைத்துத் தரச் சொன்னோம். பிளாண்டேஷன் என்ற அராபிகா வகைக் கொட்டையோடு, திடம் கூடிய ரோபஸ்டா வகையையும் கொஞ்சம் சேர்த்ததும் பாலுக்கு ஈடுகொடுக்கும் திடம் வந்துவிட்டது.

போடும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பொடி முழுவதும் நனையும் அளவுக்குத் தண்ணீர் சொட்டியதும் சுவிட்சை அணைத்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு மறுபடி போட்டால் டிகாக்‌ஷன் நன்றாகக் கெட்டிப்படுகிறது. இறங்கி முடிந்ததும் குடுவையைச் சூட்டுத் தட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். அங்கேயே விட்டால் கசப்பேறிவிடும். கெட்டியாக்கும் ஆசையில் இறங்கிய டிகாக்‌ஷனையே திரும்பத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுவது கூடவே கூடாது; குழாய் கெட்டுவிடும். கால் மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம் யூனிட்டில் ஆறில் ஒரு பங்குதான்.

உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் இந்தக் குழாயில்தான் உப்பு படியும். தண்ணீர் இறங்க வழக்கத்தைவிட நேரமானாலோ, மெஷின் அதிகமாக இரைந்தாலோ அதுதான் அறிகுறி. ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, பொடி இல்லாமல் ஓடவிட்டு, பிறகு வெறும் தண்ணீரை இரண்டு முறை ஓடவிட்டால் சரியாகிவிடும். நாங்கள் குடிக்க வடிகட்டும் தண்ணீரையே இதற்கும் ஊற்றுவதால் அந்த வேலை எப்போதாவதுதான் வருகிறது.