வீட்டில் எஸ்பிரெசோ மார்ட்டினி போடுபவர்களுக்கு

1980களில் லண்டன் சோஹோவில் டிக் பிராட்செல் என்ற பார்டெண்டர் உருவாக்கிய பானம் இது. ஒரு கிளாஸுக்கு வோட்கா 50 மி.லி., கலுவா (காபிச் சுவையுள்ள இனிப்பு மது) 30 மி.லி., சர்க்கரைப் பாகு 10 மி.லி., அப்போதுதான் மெஷினில் இறக்கிய எஸ்பிரெசோ (கெட்டியான காபி) 30 மி.லி. பாகுக்குக் கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். சர்க்கரையும் வெந்நீரும் சம அளவு, கரைந்தால் போதும்.

பலருக்கும் சொதப்புவது மேலே நிற்க வேண்டிய நுரைதான். காலையில் போட்டு வைத்த காபியில் அது சரியாக எழும்பாது. புதுக் காபியை ஓரிரு நிமிடம் மட்டும் ஆறவிட்டு, மற்ற எல்லாவற்றோடும் ஐஸ் போட்ட ஷேக்கரில் (மூடிபோட்டுக் குலுக்கும் குவளை) ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஐஸ் உருகிப் பானம் நீர்த்துவிடும், சூட்டில் ஷேக்கர் மூடியும் தெறிக்கலாம். ஐஸ் பெரிய கட்டிகளாக, ஷேக்கர் நிறைய இருக்கட்டும். பொடி ஐஸ் ஆகவே ஆகாது. 15 விநாடியாவது கை வலிக்கக் குலுக்குங்கள். குலுக்கியதும், ஃப்ரீசரில் வைத்த கிளாஸில் டீ வடிகட்டி வழியாக ஊற்றிவிடுங்கள். முதலில் முழுக்கப் பழுப்பாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அடியில் கருப்பும் மேலே வெளிர் நுரையுமாகப் பிரியும். அதன்மேல் மூன்று காபிக்கொட்டை.

மெஷின் இல்லையென்றால் சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் காபி 2 டீஸ்பூனை 30 மி.லி. வெந்நீரில் கரையுங்கள். நுரை தாராளமாக வரும்.