காபோ டெல்கடோ: ஒரே எரிவாயு, இரண்டு போர்கள்

மொசாம்பிக்கின் வடகோடியில், தான்சானியாவை ஒட்டியுள்ள காபோ டெல்கடோ மாகாணத்தின் கடலடியில் 2010ஆம் ஆண்டு முதல் அடுத்தடுத்துப் பெரும் எரிவாயு இருப்புகள் கண்டறியப்பட்டன. அந்த வாயுவின் கதையைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவருகிறேன். அதே மண்ணில் 2017 அக்டோபரில் தொடங்கிய கிளர்ச்சியை உலகம் பெரும்பாலும் முதலீட்டுக்கான இடையூறாகவே கணக்கிட்டது. ஏறத்தாழ 7,000 கி.மீ. தொலைவில் நடக்கும் உக்ரைன் போரோ அந்த வாயுவுக்குப் புதிய மதிப்பையும் அவசரத்தையும் தந்தது. இந்த முரண் என்னை ஆழமாக வருத்துகிறது.

2021 மார்ச் 24 அன்று அம்மாகாணத்தின் பால்மா நகரம் கிளர்ச்சியாளர்களால் தாக்கப்பட்டபின், அருகிலுள்ள அஃபுங்கியில் நடந்துவந்த 2,000 கோடி டாலர் எரிவாயு ஆலைத் திட்டத்தை பிரான்சின் டோட்டல் நிறுவனம் நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் கிளர்ச்சியை அடக்க ருவாண்டாப் படைகள் வந்தன.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் 40 விழுக்காட்டுக்கும் மேல் ரஷ்யாவிலிருந்தே வந்திருந்தது என்பதால், ஆகஸ்டில் ஐரோப்பியச் சந்தை விலை ஒரு மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. வெளிநாடுகளின் புதைபடிவ எரிபொருள் திட்டங்களுக்கு அரசுப் பணம் தருவதை நிறுத்துவதாக 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உறுதியளித்த பணக்கார நாடுகள் சில, 2022 ஜூனில் ஜெர்மனியின் எல்மாவ் மாளிகையில் கூடிய ஜி-7 மாநாட்டில், எரிவாயு முதலீடு தற்காலிகத் தீர்வாக ஏற்கத்தக்கது என்ற நிலைக்கு இறங்கிவந்தன. 2022 நவம்பரில், இத்தாலியின் எனி நிறுவனம் இயக்கும் கோரல் சுல் என்னும் மிதக்கும் ஆலையிலிருந்து மொசாம்பிக்கின் முதல் எல்.என்.ஜி. (திரவமாக்கிய எரிவாயு) சரக்கு புறப்பட்டது. ஆலைக்கான முடிவு 2017லேயே எடுக்கப்பட்டதுதான்; ஆனால், தென்கொரியாவில் கட்டப்பட்டுக் கரையிலிருந்து வெகுதொலைவில் நிறுத்தப்பட்டிருந்ததால் கரையில் நடந்த போர் அதைத் தொடவில்லை. டிசம்பரில் ருவாண்டாப் படைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2 கோடி யூரோ வழங்கியதற்கு எரிவாயு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். எரிவாயு காரணமே இல்லை என்றால் நம்பவும் மாட்டேன்.

இந்த விலையேற்றம் மொசாம்பிக் மக்களுக்கு நன்மையாயிற்றா? கோரல் சுல் ஆலையின் உற்பத்தி முழுவதையும் 20 ஆண்டுகளுக்கு வாங்கும் ஒப்பந்தம் பிரிட்டனின் பி.பி. எண்ணெய் நிறுவனத்திடம் உள்ளது. நிறுவனங்கள் தாம் போட்ட முதலை வாயு வருவாயிலிருந்து எடுத்துக்கொள்ளும் தொடக்க ஆண்டுகளில் அரசின் பங்கு சிறியது. பெரும் வருவாய் பின்னரே வரும். தொலைதூரப் போரால் ஏறும் விலையோ அத்தனை காலம் காத்திருப்பதில்லை. 2023இலேயே ஐரோப்பிய விலை பெருமளவு சரிந்துவிட்டது. இன்று முடிவெடுத்தால் ஆலை எழுவதற்குச் சில ஆண்டுகள் ஆகும், அதன்பின் பல பத்தாண்டுகள் அது ஓடியாக வேண்டும். ஓரிரு ஆண்டுப் பதற்றத்தில் பிறக்கும் தேவையை நம்பி ஓர் ஏழை நாடு இத்தகைய ஆலைக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பது பேராபத்து என்றே கருதுகிறேன். வரப்போகும் எரிவாயுப் பணத்தின் நம்பிக்கையில் மறைவாக வாங்கப்பட்டு, 2016இல் வெளிப்பட்ட கடன்கள் அந்நாட்டின் பொருளாதாரத்தைச் சாய்த்ததை எளிதில் மறக்க முடியாது. எரிவாயு வருவாயில் 40 விழுக்காட்டைத் தனி நிதியத்தில் சேமிக்க வேண்டும் என்ற சட்டம் 2023 இறுதியில்தான் நிறைவேறியது.

2025 நவம்பரில் டோட்டல் தன் நிறுத்தத்தை விலக்கிக்கொண்டது. அடுத்த மாதமே பிரிட்டன் தன் நிதியாதரவைத் திரும்பப் பெற்றது. இத்திட்டத்தில் ஓ.என்.ஜி.சி. விதேஷ், ஆயில் இந்தியா, பாரத் பெட்ரோலியம் ஆகிய இந்தியப் பொதுத்துறைக் குழுமங்களுக்குச் சேர்ந்து 30 விழுக்காடு பங்கு உண்டு. ஆகவே, ஆலைக்காகக் கிட்டூபோ கிராமத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிட்டுண்டாவில் குடியமர்த்தப்பட்ட மக்களுக்கு நிலமும் இழப்பீடும் மீன்பிடிக் கரைக்கான வழியும் முழுமையாகக் கிடைத்தனவா என்று கேட்கும் உரிமை நமக்கும் இருக்கிறது. நம் நாடாளுமன்றத்திலேயே அக்கேள்வி எழ வேண்டும் என விரும்புகிறேன்.