பிடரி பின்னும் காலை

போட்டி நாளில் குதிரைக்குப் பிடரி பின்னுவது என் வேலை. முந்தைய இரவே பின்னி முடித்துவிடலாமே என்று ஆரம்பத்தில் நினைத்தேன். ஆனால் குதிரை இரவெல்லாம் கழுத்தைச் சுவரில் தேய்த்துக் காலையில் எல்லாவற்றையும் கலைத்து வைத்திருக்கும். அதனால் இப்போது விடிவதற்கு முன்பே முக்காலி போட்டு ஏறி, மயிரை நனைத்து, சீப்பின் அகலத்துக்குப் பிரித்துப் பின்ன ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு பின்னலையும் மடித்து நூலால் தைத்தால் சின்ன உருண்டையாக நிற்கும். இறுக்கிப் பின்னினால் பார்க்க அழகு. ஆனால் தோலை இழுக்கும், குதிரை கழுத்தை நீட்டித் தாழ்த்தத் தயங்கும். டிரெஸ்ஸாஜில், அதாவது குதிரையை வரிசையான அசைவுகளில் நடத்திக் காட்டும் இந்தப் போட்டியில், கழுத்து விறைத்துவிட்டால் முதுகும் விறைத்துவிடும். எனவே ஒவ்வொரு உருண்டையையும் தைத்தபின் அதன் அடித்தோலைத் தடவிப் பார்ப்பேன். தோல் விம்மியிருந்தால் நூலை வெட்டி மறுபடி பின்னுவேன்.

அழகுபடுத்துவதெல்லாம் கடைசி நாள் வேலைதான். உண்மையான தயாரிப்பு பல வாரங்களுக்கு முன்பே ஆரம்பித்துவிடும். அதில் பலர் செய்யும் தவறு, போட்டிக்கான டெஸ்ட்டை, அதாவது களத்தில் செய்துகாட்ட வேண்டிய அசைவுகளின் வரிசையை, குதிரையை வைத்து முதலிலிருந்து கடைசிவரை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. குதிரைக்கு நினைவாற்றல் அதிகம். நாலைந்து முறை போதும், அடுத்து என்ன வரும் என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். திரும்பச் சொல்வதற்கு முன்பே திரும்பும், நிற்கச் சொல்லாமலே நிற்கும். நடுவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் குதிரைக்கு டெஸ்ட்டைத் துண்டு துண்டாக, வரிசை மாற்றித்தான் பழக்குவோம். முழு வரிசையையும் மனப்பாடம் செய்ய வேண்டியது சவாரி செய்பவர்தான். எங்கள் சவாரிப் பெண், லாயத்தின் முற்றத்தில் சாக்கட்டியால் களத்தை வரைந்து, எந்த இடத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று காட்டும் எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, தன் காலாலேயே நடந்து படிப்பாள். டிராட் என்ற மிதவேக ஓட்டம் வரும் இடத்தில் ஓடுவாள், வட்டத்தில் வட்டமாகவே போவாள். பார்ப்பவர்கள் சிரித்தால்கூட நிறுத்தமாட்டாள். எனக்கு அவள்மேல் மதிப்பு வந்தது அப்போதுதான்.

சென்ற பருவத்தில் ஒரு தவறு நடந்தது, அது என்னால் நடந்தது. போட்டி நாள் காலையில் காற்று பலமாக இருந்தது, பெண் குதிரை மிரண்டுகொண்டே இருந்தது. "இன்னும் கொஞ்சம் ஓட்டும்மா, அடங்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வார்ம் அப் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. குதிரை அடங்கியது உண்மை. ஆனால் களத்துக்குள் போனபோது அதன் பின்னங்கால்களில் உயிரே இல்லை. மதிப்பெண் தாளில், ஒன்றன்பின் ஒன்றாக 5. பக்கத்தில், "துடிப்பு போதாது" என்ற குறிப்பு. 10க்கு 5 என்றால் ஏதோ செய்தோம் என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்தக் குதிரையால் முடிந்ததில் பாதிகூட அது இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கினாள்.

அப்புறம்தான் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். எந்தக் குதிரைக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று பயிற்சி நாட்களில் கடிகாரம் பார்த்து எழுதி வைக்கிறோம். இந்தப் பெண் குதிரைக்கு நீண்ட நடை, அதன்பின் கொஞ்சம் டிராட், கொஞ்சம் கேண்டர் என்ற இன்னும் வேகமான ஓட்டம். எல்லாம் சேர்த்து 35 நிமிடம். அதற்குமேல் போகும்போதெல்லாம் மந்தமாகிவிடுகிறது. ஒருவேளை மிரண்டால் கூடுதலாக ஓட்டுவதில்லை. குதிரையை நடையில் விட்டு, மூச்சை நிதானமாக விடும்படி சவாரிப் பெண்ணிடம் சொல்கிறேன். அவள் மூச்சைப் பிடித்தால் இருக்கையும் தொடையும் இறுகும், குதிரை அதை முதுகிலேயே உணர்ந்துகொள்ளும். குதிரையை அடக்குவதாக நினைத்து நான் இத்தனை காலம் செய்ததில் பாதி, சவாரி செய்பவரின் மூச்சைக் கவனிக்காததால் வந்த வேலை.

இந்த முறை 35 நிமிடத்தில் நிறுத்தினோம். நுழைவாயிலில் குனிந்து நான்கு கால்களிலும் சுற்றியிருந்த பட்டிகளை அவிழ்த்தேன். அவற்றோடு களத்துக்குள் போக முடியாது, மறந்தால் போட்டியே போய்விடும். அவள் காலணியில் ஒட்டிய மண்ணைத் துடைத்தேன். மணி அடித்தது.

ஏ வழியாக நுழைந்து நடுக்கோட்டில் வந்தாள். 60 மீட்டர் களத்தின் நட்டநடுவே இருக்கும் எக்ஸில் நிற்க வேண்டும். அங்கே பலகை எதுவும் கிடையாது. இருபுறமும் ஈ, பி பலகைகள் அவள் தோள்களுக்கு நேராக வந்த நொடியில், இருக்கையைச் சற்றே ஆழமாக வைத்தாள். குதிரை நின்றது. முன்னங்கால்கள் இரண்டும் சேர்ந்திருந்தன, இடது பின்னங்கால் மட்டும் ஒரு குளம்பளவு பின்தங்கியிருந்தது. அடுத்த மூச்சில் அதுவே எடுத்து முன்னே வைத்துக்கொண்டது. காதுகள் இரண்டும் அவளை நோக்கித் திரும்பியிருந்தன.

அவள் தலை குனிந்து நடுவருக்கு வணக்கம் சொன்னாள். அவிழ்த்த பட்டிகளைக் கையில் சுருட்டிக்கொண்டே, நானும் அப்போதுதான் மூச்சுவிட்டேன்.