ஹாலே நகரில் ஒரு லெந்து கால ஞாயிறு

தமிழ் லுத்தரன் சபையில் வேதபாடம் கற்பிக்கும் எனக்கு, ஹாலே என்னும் ஜெர்மானிய நகரத்தின் பெயர் சிறுவயது முதலே பழக்கமானது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் ஐயர் பயின்ற ஊர் அது. தமிழ் எழுத்துகள் அச்சுக்காக வார்க்கப்பட்டுக் கப்பலேறியதும் அங்கிருந்துதான். அந்த ஊரில், லெந்து என்னும் தவக்கால நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடும் பாக்கியத்தைக் கர்த்தர் எனக்குத் தந்தார்.

எனக்குத் தங்க இடமளித்த அம்மையார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சீகன்பால்க் தொடங்கிய தரங்கம்பாடி மிஷனின் முந்நூறாம் ஆண்டான 2006-இல் அவர் தரங்கம்பாடிக்கு வந்திருக்கிறார்; அந்தக் கடற்கரையில் எடுத்த ஒரு சிறு கிளிஞ்சல் இன்றும் அவருடைய வேதாகமத்தின் அருகில் இருக்கிறது. காலையில் நான் "ஸ்தோத்திரம் அம்மா" என்றபோது, மறந்துபோன ஒரு சொல் திரும்பக் கிடைத்தவர்போல முகம் மலர்ந்து, "ஸ்தோத்திரம்" என்று நிதானமாகச் சொன்னார்.

சந்தை மைதானத்தில் நான்கு கோபுரங்களோடு நிற்கும் மாதா ஆலயத்திற்கு நடந்தே சென்றோம். இசைமேதை ஹாண்டல் 1685-இல் ஞானஸ்நானம் பெற்றதும், 1546-இல் மரித்த சபைச் சீர்திருத்தவாதி லுத்தரின் உடல் விட்டன்பெர்க்குக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் ஓர் இரவு வைக்கப்பட்டதும் இந்த ஆலயத்தில்தான். இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற ஆவலோடு உள்ளே போன நான், பாட்டு எண்கள் மாட்டியிருந்த பலகையைக் கண்டதும் மற்றவற்றை மறந்தேன். அதில் 85 என்றிருந்தது. அம்மையார் தம் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

ஆர்கன் முதல் வரியை வாசித்தவுடன் அந்த ராகத்தை அறிந்துகொண்டேன். பெரிய வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் பாடும் "இரத்தம் காயம் குத்தும்" என்னும் ஞானப்பாட்டின் மூலம் அது. பவுல் கெர்ஹார்ட் 1656-இல் ஜெர்மன் மொழியில் தந்தது. சுற்றிலும் எல்லாரும் ஜெர்மனில் பாட, நான் மனப்பாடமாக அறிந்திருந்த தமிழில் பாடினேன். அசைக்கு அசை பொருந்தி, மூச்சு விடும் இடமும் ஒன்றாகவே அமைந்தது. இரண்டாம் சரணத்தில் என் குரல் தழுதழுத்தது. அம்மையார் என்னைத் திரும்பிப் பாராமல், தம் குரலைச் சற்றே உயர்த்திப் பாடி, நான் தேறும்வரை வரியைத் தாங்கிக்கொண்டார். அதைப்போன்ற அன்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிரசங்கத்தில் எனக்குப் புரிந்தது கொஞ்சமே. ஆனால் திருவிருந்தில் மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. பலிபீடத்தைச் சுற்றி அரைவட்டமாக நின்று அப்பமும் திராட்சரசமும் பெற்றபின், போதகர் சமாதானம் கூறி அனுப்பும் வேளையில் அருகருகே நின்றவர்கள் கைகோத்துக்கொண்டார்கள். என் இடப்புறம் நின்ற முதியவரின் கை குளிர்ந்து நடுங்கிற்று. ஆமென் சொல்லி முடித்த பிறகும் அவர் விடவில்லை, நானும் விடவில்லை.

வீட்டில் உருளைக்கிழங்கும் சிவப்பு முட்டைக்கோசுமாக எளிய மதிய உணவு. உண்ணுமுன், இயேசுவை விருந்தாளியாக அழைக்கும் சிறிய ஜெபத்தை அவர் சொன்னார். தமிழில் ஒரு ஜெபம் செய்யும்படி என்னையும் கேட்டுக்கொண்டார்.

பிற்பகலில், பிராங்கே என்னும் போதகர் தொடங்கிய பிராங்கே நிறுவனங்களுக்கு அழைத்துச் சென்றார். 1695-இல் தம் காணிக்கைப் பெட்டியில் கிடைத்த நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார் பிராங்கே. மூன்றே ஆண்டுகளில் அநாதை இல்லத்துக்கு அஸ்திபாரம் போட்டார். அந்தக் கட்டடத்தின் முகப்பில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகளும், கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைவார்கள் என்ற ஏசாயா வசனமும் உள்ளன. இந்த வசனத்தை எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். அண்ணாந்து பார்த்தபோது நான் மாணவனாக நின்றேன்.

அங்கே நிற்கையில் என் மனம் மலையப்பனையே நினைத்தது. 1714-இல் சீகன்பால்க்கோடு கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்த தமிழ் இளைஞர் அவர். 1716-இல் ஹாலேயில் அச்சான தமிழ் இலக்கண நூலுக்குத் துணைநின்றவர். மிஷனெரிகளின் பெயர்களை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்களுக்குத் தமிழில் துணைநின்றவரின் பெயரைச் சொல்லத் தவறுகிறோம். இது நம் வேதபாட வகுப்புகளின் குறை என்றே கருதுகிறேன், என் வகுப்பும் அதில் சேரும். அம்மையாரிடம் மலையப்பனைப்பற்றிச் சொன்னேன். அவர் அந்தப் பெயரை இரண்டுமுறை சொல்லிப் பார்த்து, சரியாக உச்சரிக்கிறேனா என்று கேட்டார்.

மாலையில் டிராம் நிறுத்தத்தில் காத்திருந்தபோது, தம் பாட்டுப் புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் என்னிடம் நீட்டினார். 85-ஆம் பாட்டின் ஓரத்தில் அதன் முதல் சரணத்தைத் தமிழில் எழுதித்தரவேண்டும் என்றார். குளிரில் விரல்கள் விறைத்திருந்ததால் எழுத்துகள் கோணலாகவே வந்தன. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொன்னார். நான் சொல்ல, அவர் விரலை வரியின்மேல் வைத்துத் திரும்பச் சொன்னார். மூன்றாம் வரியில் டிராம் வந்தது. "அடுத்ததில் போகலாம்" என்றார் அம்மையார். நான்காம் வரியைத் தொடங்கினேன்.