நாலு முழ வேட்டியில் ஒரு லேண்டிங்

நங்கநல்லூர் மொட்டைமாடியில் ட்ரோன் கிளம்பாது என்றால் அருண் கேட்டால்தானே? மீனம்பாக்கம் விமான நிலையம் கூப்பிடு தூரம். விமானம் போகும்போது சீரியல் வசனத்தை உதட்டசைவிலேயே புரிந்துகொள்பவள் அத்தை. அங்கே பெட்டியைப் பிரித்து, சந்தனம் குங்குமம் வைத்து (ஆமாம், லென்ஸ் மேலேயே), நாலு விசிறிக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். ஆப் சிவப்புக் காட்டி, மோட்டாரைச் சுற்றவே விடவில்லை. பழம் மத்தியானம் ரசமாச்சு.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கம் தாண்டி சித்தப்பா மனை. எங்கே ட்ரோன் விடலாம் என்று காட்டும் அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை. பச்சையிலும் 400 அடி உயரம்தான் கணக்கு. பழகுகிறவன் காலை 6 மணிக்கே போய்விட வேண்டும், காற்று அடங்கியிருக்கும். அத்தை புளியோதரை கிளறி, மாமா பேப்பரை வரிவிளம்பரம் வரை முடித்துக் கிளம்பினதில் மணி பன்னிரண்டரை. பங்குனி வெயிலில் கடல்காற்று ஏறியாச்சு. கீழே சட்டை படபடத்தாலே மேலே அதைவிட மோசமாக இருக்கும்.

காமிரா மூடியைக் கழற்றாமல் ஆன் பண்ணினான். காமிராவை ஆடாமல் பிடிக்கிற ஜிம்பல் மோட்டார் முட்டி மோதி, திரையில் எச்சரிக்கை. குறி போட்ட விசிறி, ட்ரோனில் குறி போட்ட கைக்குத்தான். "எல்லாம் ஒண்ணுதானேடா" என்று மாமா மாற்றி மாட்டப் பார்த்தார். மாட்டியிருந்தால் எழும்பின இடத்திலேயே குட்டிக்கரணம். பத்து சாட்டிலைட்டாவது கிடைத்து, கிளம்பின இடம் பதிவாச்சு என்று சொன்ன பிறகுதான் ஏற்ற வேண்டும். ஏற்றினாலும் முதல் நாள் 2 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, வால் நம் பக்கம் இருக்க, முன்னே பின்னே ஓட்டினால் போதும். மூக்கு நம்மைப் பார்த்தால் இடது வலதாகிவிடும். இவன் எடுத்த எடுப்பில் மேற்கே, காற்றோடு விட்டான். எதிர்க்காற்றில் அனுப்பினால் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும், இது நேர்மாறு.

பேட்டரி 30 சதவீதத்தில் பதறி, 'வீட்டுக்குத் திரும்பு' பட்டனை அமுக்கினான். அது நேரே வராது. செட்டிங்கில் வைத்த உயரத்துக்கு ஏறிவிட்டுத்தான் திரும்பும். பக்கத்தில் எது உயரமோ அதைவிட 20 மீட்டர் கூட வைத்தால் போதும். பனைமரம் மட்டுமே இருக்கிற ஊரில் இவன் வைத்திருந்தது 120 மீட்டர். மேலே காற்று இன்னும் மூர்க்கம். இவனுடையது சாதாரண மோடில் மணிக்கு 36 கிலோமீட்டர் போகும். எதிர்க்காற்று 30 என்றால் மிச்சம் 6. சைக்கிள் தாத்தா முந்திவிடுவார். ரத்து பண்ணி, மரத்தில் இடிக்காத அளவு இறக்கி, வேகம் கூடின ஸ்போர்ட் மோடில் இழுத்திருக்கலாம். அத்தை "முருகா" என்றாள். மாமா "அப்பவே சொன்னேன்" என்றார். அவர் அப்போது எதுவும் சொல்லவில்லை.

பேட்டரி தீரும்போது தானாக இறங்க ஆரம்பிக்கும். இடது ஸ்டிக்கை மேலே தள்ளிப் பிடித்தால் இறக்கம் மெதுவாகும். அதற்குள் வலது ஸ்டிக்கால் நல்ல இடமாகப் பார்த்து நகர்த்தலாம். இந்த ஒன்றை மட்டும் பையன் சரியாகச் செய்தான். ஒரு மொட்டைமாடியில் வெள்ளை வெளேரென்று ஹெலிபேட் மாதிரி தெரிந்தது. இறக்கிவிட்டான்.

நாலு முழ வேட்டி. மேலே ஜவ்வரிசி வடாம். காய்ந்ததெல்லாம் பறந்தது, காயாததெல்லாம் விசிறியில் ஒட்டியது.

வரைபடத்தில் கடைசிப் புள்ளியைப் பார்த்து, 'கீ கீ' சத்தத்தைத் தொடர்ந்து போனால், வாசலில் அந்த வீட்டு அம்மா. "கொசு மருந்து அடிக்க வந்ததா தம்பி?" அத்தை அரை மணி நேரம் மன்னிப்புக் கேட்டாள், அதில் இருபது நிமிஷம் கூழுக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்பது. மேலிருந்து எடுத்த படத்தைக் காட்டினதும் அம்மாவுக்குக் கோபம் போய்விட்டது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏங்க! டேங்க் மூடி திறந்தே கிடக்கு! நேத்திக்கே மூடிட்டேன்னீங்களே!"

உள்ளேயிருந்து பதில் வரவில்லை. கிளம்பும்போது போன வருஷத்து வடாம் ஒரு கவர் கொடுத்தார். ராத்திரி பொரித்தாகிவிட்டது. உப்பு தூக்கல் என்கிறாள் அத்தை.