பூஜ்யத்துக்குக் கீழே போனதும் அடங்கிய அலாரம்

நீலகிரியில் குளிர்காலம் வந்தால் முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. காந்தல், தலைகுந்தா, எமரால்டு, அவலாஞ்சி பக்கம் தாழ்வான நிலங்களில் விடியற்காலைப் புல் வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்தும் உருளைச் செடியும் கருகும். இந்தப் பனிக்கு முன்னெச்சரிக்கை கொடுக்கும் சின்னக் கருவிகளுக்கு நிரல் எழுதுவதும், பழைய நிரல்களைப் பழுது பார்ப்பதும் என் வேலை.

கருவி எளிமையானது. பாத்தி ஓரத்தில் வெப்பநிலை அளக்கும் ஒரு டிஎஸ்18பி20 சென்சார், நிரலை ஓட்டும் கன்ட்ரோலர் சில்லு ஒன்று, ஒரு சிம் கார்டு. வெப்பநிலை இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால் விவசாயிக்கு எஸ்எம்எஸ் போகும். திரும்ப ஏறினால் 'அபாயம் நீங்கியது' என்று இன்னொன்று போகும். மேகமில்லாத இரவில் தரையும் இலையும் காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடும். அதனால்தான் பூஜ்யம் வரை காத்திருக்காமல் இரண்டிலேயே எழுப்புகிறோம்.

ஒரு ஜனவரியில் எமரால்டு பக்கத்து விவசாயி ஒருவர் போன் செய்தார். "தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு மெசேஜ் வந்துச்சு, எந்திரிச்சுப் போய் ஸ்பிரிங்ளர் போட்டேன். நாலு மணிக்கு அபாயம் நீங்கிடுச்சுன்னு வந்துச்சு. நிறுத்திட்டுப் படுத்துட்டேன். விடிஞ்சு பார்த்தா பாதிக் காடு போச்சு." மெசேஜே வராமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு கெடுதல் இல்லை. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். விடாமல் தெளித்துக்கொண்டே இருந்தால் இலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். நடுவில் நிறுத்தினால், ஈரம் ஆவியாகும்போது இலையின் சூட்டையே உறிஞ்சிவிடும்.

அந்த நிரல் வேறு கைகள் மாறி எங்களிடம் வந்தது. பதிவைப் பார்த்தேன். நாலு மணிக்கு வெப்பநிலை ஏறவே இல்லை. பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போயிருந்தது. தப்பு ஒரே வரியில் இருந்தது: வெப்பநிலை வரம்பைவிடக் குறைவா என்று கேட்கும் வரி.

இந்தச் சென்சார் ஒரு டிகிரியைப் பதினாறாகப் பிரித்து, 16 பிட் சைன்டு எண்ணாக, அதாவது மைனஸும் வரக்கூடிய எண்ணாகக் கொடுக்கும். இரண்டு டிகிரி என்றால் 32. மைனஸ் அரை டிகிரி என்றால் -8. நிரலில் வரம்பை 32 பிட் அன்சைன்டு எண்ணாக, மைனஸே வராத எண்ணாக வைத்திருந்தார்கள். நிரல் எழுதிய சி மொழி வெவ்வேறு டைப் (எண்ணின் வகை) கொண்ட இரண்டு எண்களை அப்படியே ஒப்பிடாது. முதலில் இரண்டையும் ஒரே டைப்புக்குக் கொண்டுவரும். இங்கே 16 பிட் எண் 32 பிட்டாக விரியும். ஒரே அகலத்தில் சைன்டும் அன்சைன்டும் மோதினால் அன்சைன்டு பக்கம்தான் ஜெயிக்கும். ஆகவே -8 என்பது 4294967288 ஆகிவிட்டது. அது 32-ஐவிடக் குறைவா? இல்லை. அபாயம் நீங்கியது. ஒன்றரை டிகிரியில் கத்திய அலாரம், உண்மையில் உறையத் தொடங்கிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டது.

முதல் பதிப்பில் வரம்பு 16 பிட் அன்சைன்டாகத்தான் இருந்தது, அது சரியாகவே வேலை செய்தது. 32 பிட் கன்ட்ரோலரில் 16 பிட் எண்கள் இரண்டுமே ஒப்பிடுவதற்கு முன் சாதாரண சைன்டு 'இன்ட்' ஆக (வழக்கமான முழு எண் டைப், அங்கே 32 பிட்) உயரும், -8 மைனஸ் எட்டாகவே இருக்கும். யாரோ நல்லெண்ணத்தில் வரம்பை அகலப்படுத்தியதும் விதி மாறிவிட்டது. ஆனால் அந்த முதல் பதிப்பையே ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கன்ட்ரோலர் பலகையில் ஓட்டினால் தப்பு வரும். அங்கே இன்ட்டே 16 பிட்தான். -8 அங்கே 65528. ஒரே வரி, இரண்டு பலகைகளில் இரண்டு விடை. இதனால்தான் 'என்னிடம் ஓடுகிறதே' என்ற பேச்சை ஒப்பீட்டு விஷயத்தில் நான் ஏற்பதே இல்லை.

சோதனையில் ஏன் மாட்டவில்லை? சென்சாரை ஐஸ் தண்ணீரில் முக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஐஸும் தண்ணீரும் கலந்து கிடக்கும்வரை அது பூஜ்யத்தைவிட்டு இறங்காது. பூஜ்யம் 32-ஐவிடக் குறைவுதான்; சோதனை பாஸ்.

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் சொல்லியிருக்கும், கேட்டிருந்தால். ஜிசிசி என்ற கம்பைலரில் சி++ நிரலுக்கு '-Wall' என்ற கொடி (கம்பைலருக்குத் தரும் கட்டளைக் குறி) போட்டாலே சைன்டு-அன்சைன்டு ஒப்பீட்டுக்கு வார்னிங் வரும். சி நிரலுக்கு '-Wextra' கொடியும் வேண்டும். கோ, ரஸ்ட் மொழிகள் இன்னும் ஒரு படி மேலே: டைப் வேறான இரண்டு மாறிகளை ஒப்பிடவே விடாது, நீயே மாற்றி எழுது என்று திருப்பி அனுப்பும். புதிதாக வருகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு அந்தக் கண்டிப்புதான் பிடிக்கும். எந்த எண் எதுவாக மாறுகிறது என்பது நிரலைப் படிக்கிறவர் கண்ணில் படவேண்டும்.

இது சி-யோடு முடிகிற தொல்லையும் இல்லை. சர்வர் பக்கம் ஜாவா மொழி. அங்கே கருவி எண்களை இன்டிஜர் ஆப்ஜெக்டாக (முழு எண்ணை உள்ளே வைத்த பெட்டி மாதிரி) வைத்து இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 127 வரை பொருந்தும். 128-வது கருவியிலிருந்து பொதுவாகப் பொருந்தாது. இரட்டைச் சமக்குறி இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கும்; -128 முதல் 127 வரை எண் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆப்ஜெக்டை ஜாவா எல்லாருக்கும் பொதுவாக வைத்திருப்பதுதான் காரணம். மதிப்பை ஒப்பிடும் ஈக்வல்ஸ் போட்டால் தப்பிக்கலாம், ஆனால் ஒரு பக்கம் லாங் (இன்னும் பெரிய முழு எண் டைப்) ஆப்ஜெக்டும் மறுபக்கம் இன்டிஜரும் இருந்தால் ஈக்வல்ஸ் எப்போதும் இல்லை என்றே சொல்லும், இரண்டிலும் 5 இருந்தாலும். பைத்தான் இந்த இடத்தில் நேர்மையானது: முழு எண்ணையும் ஃப்ளோட்டையும் (தசமப் புள்ளி எண்) அவற்றின் உண்மையான மதிப்பை வைத்தே ஒப்பிடும். 9007199254740993-ஐயும் 9007199254740992.0-ஐயும் பைத்தான் வேறு என்கும். ஜாவா லாங்கை டபுளாக (இதுவும் தசமப் புள்ளி எண் டைப்) மாற்றும்போது கடைசி இலக்கம் பிசகி, சமம் என்கும்.

ஃப்ளோட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. சில சென்சார் லைப்ரரிகள் ஒயர் கழன்றால் 'நான்' (NaN) என்ற மதிப்பைத் தரும், எண்ணே இல்லை என்று பொருள். அதை எதோடு ஒப்பிட்டாலும், குறைவா, அதிகமா, சமமா, எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் பதில். வரம்பைவிடக் குறைந்தால் அலாரம் அடி என்று எழுதியிருந்தால், ஒயர் கழன்ற கருவி சீசன் முழுக்க நிம்மதியாகத் தூங்கும். அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன்: வரம்பு அளவோ அதற்கு மேலோ இருப்பது உறுதியானால் மட்டும் சும்மா இரு, மற்றபடி எழுப்பு. பொய் அலாரத்துக்கு விவசாயி திட்டுவார், பரவாயில்லை.

இப்போது எங்கள் கருவிகளில் வெப்பநிலையும் வரம்பும் ஒரே சைன்டு டைப். வார்னிங் வந்தால் நிரல் பில்டு ஆவதே (தயாராவதே) நின்றுவிடும். வெளியே போகும் ஒவ்வொரு கருவியையும் நொறுக்கிய ஐஸில் ரெண்டு கை கல்லுப்பு போட்டுக் கலக்கி அதில் இறக்குகிறோம். மைனஸ் அஞ்சுக்குக் கீழே போயும் அலாரம் ஓயாமல் அடித்தால்தான் பெட்டியை மூடுவோம்.